கப்பல் ஏறினவருக்கு மட்டும்தான் பேர் இருக்கு!

உங்க அப்பா பேர் என்ன? ஈஸி. தாத்தா பேர்? ஓகே. தாத்தாவோட அப்பா பேர்? ம்ம்ம்... அவரோட அப்பா? நோ சான்ஸ்!

லேப் முடிச்சு கேன்டீன்ல உட்கார்ந்திருந்தப்போ எங்க செட்டுல இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் தாத்தாவோட அவுட். ஒருத்தி மட்டும் கொள்ளுத்தாத்தா வரைக்கும் தம் பிடிச்சு வந்து, 'ஏதோ ஒரு சாமி பேர்டா... ஞாபகம் இல்லை' என்று சரண்டர் ஆனாள். ஒரே ஒருத்தன் ஆறு தலைமுறையைக் கடகடவென்று ஒப்பித்தான். 'எப்படிடா?' என்றால், 'வீட்டுல பத்திரம் இருக்குல்ல... நிலப் பத்திரம்' என்றான் கூலாக. மேட்டரே அங்கேதான் இருக்கு. ஆனா, அதுக்கு அப்புறமா வருவோம்.

இந்த விஷயத்துல நமக்கு டெக்னிக்கலாவே ஒரு சிக்கல் இருக்கு பாஸ். வெள்ளைக்காரங்களுக்குக் குடும்பப் பேர்னு ஒண்ணு உண்டு. அதைப் பிடிச்சுக்கிட்டே சர்ச் ரெக்கார்டுல முந்நூறு, நானூறு வருஷம்கூடப் பின்னாடி போறாங்க. நமக்கு இருக்கிறது இனிஷியல். அது ஒரே ஒரு படிதான் ஏறும். என் இனிஷியல்ல அப்பா, அப்பா இனிஷியல்ல தாத்தா... கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, 'லிங்க்டு லிஸ்ட்'. நடுவுல ஒரு நோடு அறுந்தா அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் அம்பேல். இதுல தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற பழக்கம் வேற. 'பேரன்'ங்கிற வார்த்தையே 'பெயரன்'ல இருந்து வந்ததுதானே! முனுசாமி மகன் கோவிந்தசாமி, கோவிந்தசாமி மகன் முனுசாமி, முனுசாமி மகன் மறுபடி கோவிந்தசாமி... இன்ஃபினிட் லூப்!

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சதுக்குக் காரணம் ஒரு டர்பன் ஆன்ட்டி. தலைப்பாகை இல்லீங்க, தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பன்.

எங்க வீடு திருவண்ணாமலையில, ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் ரமண நகர். அப்பாவுக்கு ஆசிரம வாசல்ல ஆட்டோ. டிசம்பர் பொறந்துட்டா செங்கம் ரோடே ஃபாரின் ரோடு மாதிரி ஆயிடும். டீக்கடை மாஸ்டர் பிரெஞ்சுல 'சர்க்கரை வேணுமா?' கேட்பார். வர்ற எல்லாருக்கும் ஒரே கேள்விதான்... 'நான் யார்?' பகவான் ரமணர் சொன்ன அந்த விசாரணையைத் தேடித்தான் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வர்றாங்க. இந்த ஆன்ட்டியும் ஹால்ல போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தாங்க. ஆனா வெளியே வந்து அப்பாகிட்ட கேட்ட கேள்வி வேற: 'என் கொள்ளுத்தாத்தா யாருன்னு கண்டுபிடிக்கணும். ஆட்டோ வருமா?'

அப்பா நேரா வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டார். 'இந்தாப்பா, நீ இன்ஜினீயர்தானே? அந்தம்மா இங்கிலீஷ்ல இன்னாவோ ஊர் தேடுறாங்க, கேளு!'

அறுபதைத் தாண்டின ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர். சொந்த ஊர் டர்பனுக்குப் பக்கத்துல சாட்ஸ்வொர்த். முழுக்க முழுக்க இந்திய வம்சாவளிக்காரங்களுக்குன்னு இனவெறி அரசு ஒதுக்கின ஏரியா. தமிழ் பேச வராது. ஆனா அக்கா, தாத்தா, கண்ணா, மசாலா எல்லாம் வரும். அங்கே நம்மாளுங்க 'துனீ'ன்னு ஒரு சீட்டாட்டம் ஆடுவாங்களாம். 'தண்ணி'ங்கிற வார்த்தைதான் அப்படி ஆயிடுச்சாம்!

ஆன்ட்டி பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்தாங்க. உள்ளே ஒரு ஜெராக்ஸ். அதைப் பார்த்ததும் எனக்கு நிஜமாவே பொறாமை வந்துச்சு.

நம்ம ஸ்கூல் புக்குல தில்லையாடி வள்ளியம்மை படிச்சிருப்போம். காந்தியோட போராடி ஜெயிலுக்குப் போய் 1914-ல பதினாறு வயசுல இறந்துபோன பொண்ணு. தில்லையாடி அவங்க குடும்பத்தோட பூர்வீக ஊர். அந்தப் பொண்ணு பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். அந்தக் காலத்துல அவ்வளவு தமிழர்கள் அங்கே எப்படி? கரும்புதான் காரணம். நேட்டால் காலனியில கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பத்தலைன்னு 1860-லிருந்து இந்தியர்களை அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல கப்பல் கப்பலா ஏத்தினாங்க. முதல் கப்பல் 'ட்ரூரோ' 342 பேரோட மதராஸ்ல கிளம்பி 1860 நவம்பர் 16-ம் தேதி டர்பன்ல போய் நின்னுது. 1911-ல நிறுத்துறதுக்குள்ள போனவங்க மொத்தம் 1,52,184 பேர். அதுல மூணுல ரெண்டு பங்கு மதராஸ் துறைமுகம் வழியா போனவங்க. முதல் வருஷச் சம்பளம் மாசம் 10 ஷில்லிங். நடுவுல 1876-78 தாது வருஷப் பஞ்சம் வேற. ஆள் பிடிக்கிற ஏஜென்ட்டுக்கு அலையவே வேண்டியிருந்திருக்காது.

இத்தனை பேருக்கும் வெள்ளைக்காரன் லிஸ்ட் எழுதி வெச்சான். பாசத்துல இல்லை. ஓடிப்போனா பிடிக்கணுமே! ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்புல உள்ள தழும்பு... அத்தனையும். அந்த லிஸ்ட்டை இப்போ கம்ப்யூட்டர்லயே ஏத்திட்டாங்க. டர்பன் பல்கலைக்கழகத்துல காந்தி-லுத்துலி ஆவண மையம்னு ஒண்ணு இருக்கு, அங்கெல்லாம் போய்த் தேடலாம். மொரீஷியஸ்ல இன்னும் ஒரு படி மேல. அங்கே மோக்காவுல இருக்கிற மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல வந்திறங்கினவங்க போட்டோவே இருக்கு. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி கப்பல் ஏறின ஒரு கூலித் தொழிலாளி நேரா கேமராவைப் பார்க்கிறார்... யோசிச்சுப் பாருங்க!

ஆன்ட்டி கொள்ளுத்தாத்தா 1890-கள்ல போனவர். வயசு 22. உயரம் 5 அடி 3 அங்குலம். இடது கணுக்கால்ல தழும்பு. அப்பா பேர் இருக்கு. ஊர் பேர் இருக்கு. எனக்கு? அஞ்சு தலைமுறையா இதே மலையைச் சுத்தி வாழ்ற எங்க குடும்பத்துல, எழுத்துல இருக்கிற முதல் ஆள் எங்க தாத்தா. அவரோட ஸ்கூல் சர்டிபிகேட். அதுலயும் பிறந்த தேதி ஜூன் 1. ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பா போட்டது. அவருக்கு முன்னாடி யாரோட உயரமும் தழும்பும் யாருக்கும் தெரியாது. ஊரை விட்டுப் போனவருக்கு ரெக்கார்டு இருக்கு, ஊரோட கிடந்தவருக்கு இல்லை. செம காமெடி இல்ல?

சரி, எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கே, அங்கே போய்ப் பார்த்தா? அங்கேயும் முதல்ல கேட்கிறது நிலம்தான். செட்டில்மென்ட் ரெஜிஸ்தர்ல பட்டாதாரர் பேர் இருக்கும். ரெஜிஸ்தர் ஆபீஸ்ல வில்லங்கம் போட்டா வித்தவர், வாங்கினவர், அவங்கவங்க அப்பா பேர் எல்லாம் வரும். அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுல போய்ப் பார்த்தாகூட தானம் கொடுத்தவர் பேர்தான் இருக்கு. கொடுக்கிறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே கல்லுல ஏற முடியும்? அந்த நிலத்துல ஏர் ஓட்டினவர் எந்தப் பேப்பர்லயும் கிடையாது. என் ஃப்ரெண்டு ஆறு தலைமுறை சொன்ன ரகசியம் இதுதான்.

வீட்டுல வேற ஒரு ரெக்கார்டு ரூம் இருந்துச்சு. எங்க ஆயா. கேட்டதும் ஆயாவோட அம்மா, அம்மாவோட அம்மா, அவங்க அம்மான்னு மூணு பேரைப் படபடன்னு சொல்லிச்சு. யார் எந்த ஊர்லேர்ந்து வாழ வந்தாங்கன்னும் சொல்லிச்சு. ஆம்பளைங்க பக்கம் கேட்டா ரெண்டோட நிறுத்திடுச்சு. 'ஆம்பளைங்க ஒரே ஊர்ல கிடந்தாங்க, அதுல ஞாபகம் வெச்சுக்க இன்னா இருக்குது?' ஊர் மாறினவங்களைத்தான் ஆயாவுக்கும் ஞாபகம் இருக்கு, பாருங்க!

இப்போ ஆன்ட்டி பேப்பருக்கு வருவோம். அதுல ரெண்டு புதிர்.

முதல் புதிர் ஜில்லா. ஆன்ட்டி இதுவரைக்கும் கூகுள் மேப்ல வட ஆற்காட்டைத் தேடிட்டிருந்தாங்க. ஏன்னா திருவண்ணாமலை வட ஆற்காட்டைச் சேர்ந்ததுன்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க. பேப்பர்லயோ 'தென் ஆற்காடு, திருவண்ணாமலை தாலுகா'ன்னு இருக்கு. எழுதினவன் தப்பு பண்ணிட்டானோன்னு அவங்களுக்குச் சந்தேகம். தப்பே இல்லை. அந்தக் காலத்துல திருவண்ணாமலை தாலுகா தென் ஆற்காட்டுலதான் இருந்துச்சு. 1911-ல சித்தூரைத் தனி ஜில்லா ஆக்கினப்போதான் நம்மளை வட ஆற்காட்டுக்குத் தள்ளினாங்க. அதையும் உடைச்சு 1989-ல திருவண்ணாமலை மாவட்டம் வந்துச்சு. ஊர் நகரவே இல்லை, ஆனா மூணு ஜில்லா மாறியாச்சு. உங்க ஊரையும் இப்படி ஒரு தடவை செக் பண்ணிக்குங்க. எந்த ஜில்லா கட்டுல தேடணும்னு தெரியலைன்னா வாழ்க்கை பூரா எழும்பூர்ல உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்!

ரெண்டாவது புதிர் ஸ்பெல்லிங். ஊர் பேரை இங்கே எழுதப் போறதில்லை. காரணம் போகப் போகப் புரியும். 'கில்'னு ஆரம்பிக்குது. ஆன்ட்டி 'கில்'லுன்னே படிச்சிட்டிருந்தாங்க... கொலை பண்ற 'கில்'. எனக்கு அதைப் பார்த்த உடனே சிரிப்பு. எங்க பக்கத்துல கீழ்பென்னாத்தூரை இன்னிக்கும் இங்கிலீஷ்ல 'கில்பென்னாத்தூர்'னு படிக்கிற மாதிரிதான் எழுதுவாங்க. 'கில்' இல்லை ஆன்ட்டி, 'கீழ்'! அவங்களால அந்த 'ழ்'-ஐச் சொல்லவே முடியலை. பத்து தடவை ட்ரை பண்ணி, கடைசியில ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

இந்த 'ழ' பிரச்னைக்கு ஆசிரமத்துலயே ஒரு ஃபிளாஷ்பேக் உண்டு. 1896 செப்டம்பர் 1-ம் தேதி மதுரையிலிருந்து பதினாறு வயசுப் பையன் ஒருத்தர் இங்கே வந்து இறங்கினார். வீட்டுல விட்டு வந்த லெட்டர்ல கையெழுத்து இருக்க வேண்டிய இடத்துல வெறும் கோடு. இங்கேயும் யார்கிட்டயும் பேசலை. குருமூர்த்தத்தில் இருந்தப்போ, தாலுகா ஆபீஸ் கணக்கர் ஒருத்தர் 'சாமிக்குப் பேர் என்ன, ஊர் என்ன, சொன்னாத்தான் போவேன்'னு பிடிவாதமா உட்கார்ந்துட்டார். வேற வழியில்லாம பையன் இங்கிலீஷ்ல எழுதிக் காட்டினார்: வெங்கட்ராமன், திருச்சுழி. அந்த 'ழி' கணக்கருக்குப் பிடிபடலை. பக்கத்துல இருந்த பெரியபுராணத்தைத் திறந்து ஊர் பேரைத் தமிழ்லயே காட்டினாராம் ரமணர். பேரும் ஊரும் வேண்டாம்னு விட்டு வந்தவரையே விடலை பாருங்க தாலுகா ஆபீஸ்! இந்தக் கதையை ஆன்ட்டிகிட்ட சொன்னேன். அவங்களுக்கு ஆசிரமத்துல பிடிச்ச விஷயமே இதுதான்னாங்க.

'கீழ்'னு தெரிஞ்சதும் பழைய தாலுகா எல்லைக்குள்ள ரெண்டு ஊர் ஒத்து வந்துச்சு. கிளம்பலாம்னு அப்பா சாவியை எடுத்துட்டார். அப்போதான் நான் ஜாதி காலத்தைப் பார்த்தேன்.

அதுல எழுதியிருந்தது ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதாவது, இப்போ இங்கிலீஷ் வார்த்தை. 'பரையா'. நம்ம பறையர்ங்கிற பேரைக் கொண்டுபோய் இங்கிலீஷ் டிக்‌ஷனரியில 'எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன்'னு அர்த்தம் போட்டு உட்கார வெச்சிருக்காங்க. ஆன்ட்டியோட குடும்பப் பேர் வேற ஒரு பட்டம். தென்னாப்பிரிக்காவுல நம்மாளுங்க பலருக்கும் இப்படித்தான். கப்பல்ல எழுதினது ஒண்ணு, கரையில இறங்கி ரெண்டு தலைமுறைக்குள்ள ஒட்டிக்கிட்டது ஒண்ணு. எல்லாரும் ஒரே லைன்ல தங்கி, ஒரே கரும்பை வெட்டினப்போ யார் போய் செக் பண்றது?

எப்படிச் சொல்றதுன்னு நான் தயங்கினேன். அவங்களே சொன்னாங்க. 'முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சரா இருந்தேன் கண்ணா. அந்த வார்த்தைக்கு போர்டுல அர்த்தம் எழுதிப் போட்டிருக்கேன். அது எங்க தாத்தா பேர்னு தெரியாமலே.' சொந்தக்காரங்க சில பேர் இந்தப் பேப்பரை வெளியே காட்டாதேன்னு சொன்னாங்களாம். அதனாலதான் தனியா வந்திருக்காங்க.

(எங்க வீட்டு ஆளுங்க யாருன்னு இந்நேரம் உங்கள்ல சில பேர் யோசிச்சிருப்பீங்க. சொல்ல மாட்டேன், போங்க.)

கவர்ல இன்னொரு அயிட்டமும் இருந்துச்சு. டி.என்.ஏ. டெஸ்ட் கிட். இதைப் பத்திக் கொஞ்சம் பேசியே ஆகணும், ஏன்னா யூடியூப்ல பார்த்துட்டு நம்ம பசங்க நிறைய பேர் இதை மேஜிக்னு நினைச்சிட்டிருக்காங்க.

ஆன்ட்டி ஏற்கெனவே ஒரு டெஸ்ட் பண்ணியிருக்காங்க. ரிசல்ட்: 'தென்னிந்தியா மற்றும் இலங்கை'. அதுக்கு டெஸ்ட்டே தேவையில்லை, எங்க ஆயா பார்த்தே சொல்லியிருக்கும்! சொந்தக்காரங்க லிஸ்ட்னு ஒண்ணும் வந்துச்சு. டர்பன், லெஸ்டர், டொரன்டோ... ஒருத்தர்கூட தமிழ்நாட்டுல இல்லை. காரணம் சிம்பிள். டெஸ்ட் பண்ணி டேட்டாபேஸ்ல இருக்கிறவங்களோடதான் ஒத்துப் பார்க்க முடியும். நம்ம ஊர்ல யார் காசு கொடுத்து டெஸ்ட் பண்றாங்க? இங்கேயும் அதே கதைதான், போனவங்க ரெக்கார்டுல இருக்காங்க, இருந்தவங்க இல்லை.

சரி, இப்போ ஒருத்தர் டெஸ்ட் பண்ணா? கணக்குப் போடுவோம். ஆன்ட்டி கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தா, அந்த அண்ணனோட கொள்ளுப்பேரனும் ஆன்ட்டியும் சராசரியா ஒரு சதவிகிதத்துக்கும் கம்மியாத்தான் ஷேர் பண்ணுவாங்க. பத்துல ஒரு ஜோடிக்கு அதுவும் கண்ணுல படாம போயிடலாம். அடுத்த தலைமுறைன்னா இன்னும் பாதி. அதனால வயசானவங்களைத்தான் டெஸ்ட் பண்ணணும். நம்ம ஊர்ல எக்ஸ்ட்ரா தலைவலி ஒண்ணு உண்டு... மாமன் மக, அத்தை பையன், அக்கா மக! 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல நாலு கல்யாணத்துல ஒண்ணுக்கும் மேல சொந்தத்துலதான். சுத்திச் சுத்தி ஒரே வட்டத்துல கட்டிக்கிட்டா, கொஞ்சம் கொஞ்சம் எல்லாரும் எல்லாரோடயும் மேட்ச் ஆவாங்க. அது கொள்ளுத்தாத்தா வம்சமா, பக்கத்து ஊர்ல பொண்ணு எடுத்த வம்சமான்னு சொல்லத் தெரியாது. இந்தியாவுல பல சமூகங்கள்ல இப்படி ஒரு சின்ன வட்டத்து முத்திரை பலமா இருக்குன்னு 2017-ல 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழ்ல ஒரு பெரிய ஆய்வே வந்துச்சு. அதோட கவலை வம்சம் இல்லை, அதனால வர்ற பரம்பரை நோய்கள்.

இதுக்கு இருக்கிற ஒரு வழி 'ஒய்' குரோமோசோம். அது அப்பாகிட்டேர்ந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே போகும். பங்காளி முறைதான், வேற ஒண்ணும் இல்லை! மதுரைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன், ஸ்பென்சர் வெல்ஸ் குழு மதுரைப் பக்கத்து கிராமத்துல ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் மனுஷங்களோட தடம்னு 'எம்130'ஐக் கண்டுபிடிச்சாங்களே, அதுவும் இந்த 'ஒய்'ல இருக்கிற ஒரு அடையாளம்தான். ஆன்ட்டிக்கு 'ஒய்' கிடையாது. அதனால அவங்க தம்பி டர்பன்ல கொடுத்துட்டார். இங்கே அதே வம்சத்து ஆம்பளை ஒருத்தர் கன்னத்துக்கு உள்ளே பஞ்சுக்குச்சியால தேய்ச்சுக் கொடுத்தா போதும். அதுக்குத்தான் கிட்.

எனக்கு இதுல ஒரு உறுத்தல் இருந்துச்சு. கொடுக்கிறவருக்கு இது என்னன்னு புரியணும். 2023-ல '23அண்ட்மீ' கம்பெனியில 69 லட்சம் பேர் தகவல் திருடு போச்சு. 2025 மார்ச்ல கம்பெனியே திவால் மனு போட்டு கை மாறிடுச்சு. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், டி.என்.ஏ. போனா? 'முழுசா விளக்கிச் சொல்லாம யார்கிட்டயும் கேட்க மாட்டேன் ஆன்ட்டி'ன்னு சொன்னேன். 'உன்னால தமிழ்ல சொல்ல முடியுமா?'ன்னாங்க. முடியும்னேன்.

முதல் ஊர்ல ஒண்ணும் நடக்கலை. ஏரி, நாலு தெரு, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாங்க. ரெண்டாவது ஊருக்கு மறுநாள் போனோம்.

டீக்கடையில நிறுத்தினோம். கடைக்காரர் ரொம்ப அன்பா பெஞ்சைத் துடைச்சு 'உட்காருங்கம்மா'ன்னார். கதையைச் சொன்னேன். 'ஆப்பிரிக்காவா!'ன்னு கூட்டம் கூடிடுச்சு. அடுத்த கேள்வி வந்துச்சு: 'என்ன ஆளுங்க அவங்க?'

ஆன்ட்டி என்னைப் பார்த்தாங்க. 'உங்க ஜாதி என்னன்னு கேட்கிறார்'னேன். அவங்க பேப்பரைப் பிரிச்சு அந்தக் கட்டத்துல விரலை வெச்சு, சத்தமா, டீச்சர் குரல்ல படிச்சாங்க. கடைக்காரர் பேப்பரைப் பார்க்கலை. 'அப்போ அந்தப் பக்கம் போகணும்' என்றார், தலையைத் திருப்பி. 'ம்மா'வைக் காணோம். டீக்குக் காசு கொடுத்துட்டுக் கிளம்பினோம்.

காலனியில மாரியம்மன் கோயில் திண்ணையில உட்கார்ந்தோம். அங்கேயும் கூட்டம் கூடுச்சு. ஆனா ஒரு பாட்டி கேட்ட கேள்வி வேற: 'உன் குலசாமி எதும்மா?' ஆன்ட்டிக்கு 'கெங்கம்மா'ன்னு மட்டும் தெரிஞ்சிருந்தது. ஆடி மாசம் அவங்க ஊர்ல 'போரிட்ஜ் பிரேயர்' பண்ணுவாங்களாம். போரிட்ஜ்னா கஞ்சி... அட, கூழ் ஊத்துறது! சொன்னதும் பொம்பளைங்க எல்லாம் சிரிச்சுக் கைதட்டிட்டாங்க. தீமிதி உண்டா? உண்டு. திரௌபதி அம்மன்? உண்டு. கூத்து? அங்கே தெருக்கூத்துக்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்'னு பேர். பாட்டி ஆன்ட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. இன்ஜினீயரா யோசிச்சா இது ப்ரூஃப் கிடையாது. எங்க பக்கத்துல கெங்கையம்மன் இல்லாத ஊர் எது? ஆனா அதை அந்த நேரத்துல சொல்ற அளவுக்கு நான் பெரிய இன்ஜினீயர் இல்லை.

'நேட்டால்' யாருக்கும் தெரியலை. கண்டிச் சீமைக்குப் போனவங்களைத் தெரியும். ஒரு பெரியவர், எழுபத்தஞ்சு இருக்கும், ஓரமா நின்னு கேட்டுட்டே இருந்தவர், 'அந்தப் பேப்பர்ல அவரோட அப்பன் பேர் இன்னா போட்டுக்குது?'ன்னார். படிச்சேன்.

'அது எங்க தாத்தன் பேராச்சே!'

திண்ணையே அமைதியாயிடுச்சு. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். கப்பல் ஏறினவரோட அண்ணன் மகன் இவரோட தாத்தாவா இருந்தா, வயசு பொருந்துது. தாத்தா பேர் பேரனுக்குன்னா, பேரும் பொருந்துது! உடனே பின்னாடியிருந்து ஒரு குரல்: 'அந்தப் பேரு நம்ம தெருவுல நாலு வூட்டுல இருக்குது பெரியப்பா.' அதுவும் நிஜம். 'உங்க தாத்தாவோட அப்பா?' என்று கேட்டேன். பேர் தெரியலை. 'நெட்டையன்'னு கூப்பிடுவாங்களாம். ஆன்ட்டி பேப்பர்ல உயரத்தைப் பார்த்தாங்க. அஞ்சடி மூணு அங்குலம். 'அண்ணன் நெட்டை, தம்பி குட்டையா இருக்கலாம்ல?'ன்னாங்க, என்னைக் கெஞ்சுற மாதிரி.

கிட்டைப் பத்தி எல்லாத்தையும் சொன்னேன். மேட்ச் ஆகலாம், ஆகாமலும் போகலாம், அந்த டேட்டா ஒரு வெளிநாட்டுக் கம்பெனிகிட்ட இருக்கும், வேண்டாம்னு சொன்னா யாரும் கோபப்பட மாட்டாங்க... எல்லாம். 'கொரோனாவுக்கு மூக்குல விட்டானே, அந்தக் குச்சியா?'ன்னார் பெரியவர். அப்புறம் குரலை இறக்கி, 'இதை வெச்சு நாளைக்கு யாராச்சும் நிலத்துல பங்கு கேட்டு வருவாங்களா?'ன்னார். காலனியில கொஞ்சம் பேருக்குப் பஞ்சமி நிலம் இருக்கு. 1892-ல வெள்ளைக்காரன் உத்தரவுல மாகாணம் முழுக்கக் கொடுக்க ஆரம்பிச்சதாச்சே... தமிழ்நாட்டுல எவ்வளவு கை மாறிப்போச்சுன்னு உங்களுக்கே தெரியும். மிச்சம் இருக்கிறதை அவர் விடுவாரா? ஆன்ட்டிகிட்ட மொழிபெயர்த்தேன். 'எனக்கு ஒரு பிடி மண்ணுகூட வேண்டாம். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்'னாங்க. அதுக்கும் பெரியவர் ஒண்ணும் சொல்லலை. பையன்கள் பெங்களூர்ல கட்டட வேலையில இருக்காங்க, கேட்டுத்தான் சொல்லணும்னார்.

அங்கே பி.காம். படிக்கிற பொண்ணு ஒண்ணு இருந்துச்சு, பெரியவரோட பேத்தி முறை. அவ்வளவு நேரம் பேசாம இருந்துட்டு என்கிட்ட கேட்டா: 'மேட்ச் ஆகலைன்னா இவங்க திரும்பி வருவாங்களா?'

அதையும் அப்படியே ஆன்ட்டிகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சாங்க. 'தெரியலை'ன்னாங்க. நான் தமிழ்ல சொல்றதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சுடுச்சு. 'வருவேன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்'னா.

நாலு நாள் கழிச்சு ஆன்ட்டி டர்பன் கிளம்பிட்டாங்க. கிட்டைப் பிரிக்காமலே எங்க வீட்டு பீரோவுல வெச்சுட்டுப் போயிருக்காங்க. போன செவ்வாய்க்கிழமை அப்பா ஸ்டாண்டுக்கு அந்த ஊர் மினி பஸ் டிரைவர் மூலமா தகவல் வந்துச்சு. பெரியவர் என்னை வரச் சொன்னாராம். குச்சி விஷயம் இன்னும் முடிவாகலையாம், பசங்க பொங்கலுக்கு வரட்டும்னுட்டாராம்.

ஆனா வரும்போது அந்தப் பேப்பர்ல ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வரணுமாம். நல்லா தெளிவா, அப்பன் பேர் தெரியிற மாதிரி, கொஞ்சம் பெரிசா. ஃப்ரேம் போடுறதுக்கு.